சேலை கட்டினால்தான் நம்ம ஊர்ப் பொண்ணா?

ஓசூரில் எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். பக்கத்து வீட்டில் கன்னடம். தெருவுக்கு வந்தால் எல்லோருக்கும் தமிழ். நீ அசல் தமிழச்சிதானா என்று என்னை இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. என் தோழியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அவளுக்கு நாகாலாந்தில் ஜுன்ஹெபோட்டோ பக்கம். சுமி இனம். சிப்காட்டில் எனக்கும் அவளுக்கும் ஒரே ஷிப்ட். பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கப் போனாலும் "நேபாளமா, சைனாவா?" என்பார்கள். கொரோனா சமயத்தில் பெங்களூரில் இருந்தாள். அந்த நோயின் பெயரைச் சொல்லியே அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சும்மா கேலிதானே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கிண்டல் செய்தார்கள். அது கைகலப்பானது, அடிபட்டவர் மறுநாள் இறந்துபோனார். அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்றது. தோழி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அம்மாவைப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அது நல்ல மனசோடு வருவதால் யாரையும் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. சந்திரசூடேஸ்வரர் தேருக்கு என் அத்தை அவளுக்குச் சேலை கட்டி, மல்லிகை வைத்துவிட்டார். "இப்பத்தான் நம்ம ஊர்ப் பொண்ணு" என்று தெருவே மெச்சியது. அவளும் சிரித்தாள், சேலை அவளுக்குப் பிடிக்கும். ராத்திரி மாடியில்தான் கேட்டாள்: "அவுத்துட்டா நான் யாரு அக்கா?"

ஊருக்குப் போனால் அங்கே சித்தப்பா பிள்ளைகள், நீ சமவெளிக்காரி ஆகிவிட்டாய் என்கிறார்களாம். பாவம், இரண்டு பக்கமும் அவளுக்குப் பரீட்சை.

அப்புறம் அகுனி. சோயாவை வேகவைத்து, இலையில் பொட்டலமாகக் கட்டி, அடுப்புக்கு மேலே வைத்துப் புளிக்கவிடுவார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் பிசுபிசுவென்று நூல் விடும், நெடி அறை முழுக்க நிற்கும். தக்காளியும் மிளகாயும் சேர்த்து நசுக்கிச் சட்னி செய்வாள். சுடுசோற்றுக்கு நான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். அந்த நெடிக்காக வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதே தெருவில் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டு வாசம் மூக்கைத் துளைக்கும். அதற்காக யாரையும் யாரும் காலி பண்ணச் சொன்னதில்லை.

தேருக்குக் கூட்டிப்போய்க் கொண்டாடிவிட்டுச் சட்டிக்காகத் துரத்தினால் அது என்ன உறவு? வீட்டில் தெலுங்கு பேசும் நான் தமிழச்சி என்றால், அகுனி சாப்பிடும் சுமிப் பெண்ணும் இந்தத் தெருக்காரிதான். அவள் எதையும் விட்டுக்கொடுத்து அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை.

இப்போது வீடு தேடுகிறோம். மத்திகிரி, பாகலூர் ரோடு பக்கம் ஒரு அறையும் சமையலறையும் இருந்தால் சொல்லுங்கள். அட்வான்ஸ் தயார். என்ன சமைப்பாள் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடப் போகிறோம்.