கறுப்பு போடர்: ஒரு படமும் சில பின்னேரங்களும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

கச்சான் காற்று பின்னேரம் வரை விடவில்லை. யன்னல்களைச் சாத்திவிட்டு, நண்பன் ஒருவன் பார், பார் என்று நெடுநாளாகச் சொல்லிவந்த ஆவணப்படத்தைப் போட்டேன். ‘நஷனல் லம்பூன்’ என்ற அமெரிக்க நையாண்டி மாத இதழின் வரலாறு. டக்ளஸ் டிரோலா இயக்கியது, 2015இல் வந்தது.

டக் கென்னி, ஹென்றி பியர்ட், ரொபேட் ஹொஃப்மன் என்று மூன்று பெடியன்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1876 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஒரு சிரிப்பிதழில் கைபழகியவர்கள். மட்டி சிமன்ஸ் என்ற பதிப்பாளர் துணைக்கு வர, 1970 ஏப்ரலில் முதல் இதழ் வெளிவருகிறது. 1974 ஒக்டோபர் இதழ் பத்து லட்சம் பிரதி விற்றிருக்கிறது. வியட்நாம் போரும் ஜனாதிபதி நிக்சனும் இருந்த காலம். எதை நம்புவது என்று தெரியாமல் நின்ற இளவட்டம் இதை வாங்கி வாங்கி வாசித்திருக்கிறது.

பாதியில் கரண்ட் போனது. மிச்சம் நாளைக்கு.

ஜூன் 4, புதன்

இன்று பார்த்த பகுதியில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதல் சில இதழ்கள் பார்க்க அலங்கோலமாக இருந்தனவாம். பகிடி நன்றாக இருந்தும் பக்கத்தில் நிற்கவில்லை. 1970 கடைசியில் மைக்கல் குரொஸ் என்ற வடிவமைப்பாளர் வருகிறார். அவருடைய கணக்கு இதுதான்: தபால் முத்திரையைக் கேலி செய்கிறாயா, அது அசல் முத்திரை மாதிரியே இருக்கவேண்டும். விளம்பரத்தைக் கேலி செய்கிறாயா, அதே எழுத்து, அதே படம், அதே இடைவெளி வேண்டும். கோமாளித்தனமான எழுத்தில் அச்சடித்தால், இது பகிடி என்று வாசகனுக்கு முதலே சொல்லிவிடுகிறாய். சொல்லிவிட்டால் அவன் ஏன் சிரிக்கப்போகிறான்?

1973 ஜனவரி அட்டையும் அவர் காலத்துடையதுதான். ஒரு நாயின் தலைக்குப் பக்கத்தில் கைத்துப்பாக்கி. ‘இந்த இதழை வாங்காவிட்டால் இந்த நாயைக் கொன்றுவிடுவோம்’ என்று எழுதியிருக்கிறது. நாய் கடைக்கண்ணால் துப்பாக்கியைப் பார்க்கிறது. அந்தப் பார்வைதான் முழு அட்டையும். நேரே எங்களைப் பார்த்திருந்தால் அது வெறும் நாய்ப் படம். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

படம் முடிந்தது. மேடை நாடகம், வானொலி, 1978இல் ‘அனிமல் ஹவுஸ்’ சினிமா என்று இதழ் பெரிதாகப் பெரிதாக, அதைத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். பியர்ட் 1975இல் தன் பங்குக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கென்னி 1980 ஓகஸ்டில் ஹவாய்த் தீவொன்றில் மலைவிளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். வயது 33. இதழ் 1998 வரை இழுபட்டது.

எல்லாவற்றுக்கும் என்னால் சிரிக்க முடியவில்லை. பெண்களைப் பற்றியும் கறுப்பின மக்களைப் பற்றியும் சில பக்கங்கள் எனக்குக் கசந்தன. இன்னொன்று, வொக்ஸ்வாகன் விளம்பரத்தின் அச்சான நகல். கார் தண்ணீரில் மிதக்கிறது. அமெரிக்க செனட்டர் டெட் கென்னடி இந்தக் காரை ஓட்டியிருந்தால் இன்று ஜனாதிபதியாகியிருப்பார் என்கிறது வாசகம். 1969இல் அவர் ஓட்டிய கார் பாலத்தால் தண்ணீருக்குள் விழுந்தது. அவர் தப்பினார், கூட வந்த இளம்பெண் இறந்துபோனாள். அடி அதிகாரத்தில் இருந்தவருக்குத்தான், அது சரியான அடியும்கூட. ஆனால் அந்தப் பெண் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. 2004 மார்கழியில் கடல் வந்த ஊரில் இருந்துகொண்டு பார்க்கிறேன். மிதக்கும் காரைத் தாண்டி என் கண் போகவில்லை. வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் பெயரைக் காப்பாற்ற வழக்குப் போட்டதாம். அந்தப் பெண்ணுக்காக யார் போடுவது?

ஜூன் 7, சனி

நித்திரை வரவில்லை. படத்தில் பேசியவர்களை எண்ணிப்பார்த்தேன். மட்டி சிமன்ஸ் 2020இல் போய்விட்டார். டோனி ஹென்ட்ராவும் ஆன் பீட்ஸும் 2021இல். பி.ஜே. ஓ’ரூர்க் 2022இல். கொஞ்சம் பிந்தியிருந்தால் இந்தக் குரல்கள் கிடைத்திருக்காது.

எங்களுக்கும் ஒரு இதழ் இருந்தது. சிரித்திரன். கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம் அறுபதுகளில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், போருக்குள்ளும் விடாமல் நடத்தியது. ‘செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்’ என்பது அதன் மகுடவாசகம். ‘சுந்தர்’ என்று கையெழுத்துப் போட்டுக் கேலிச்சித்திரம் வரைந்தவரும் அவரே, ‘மகுடி’யாகக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவரும் அவரே. சவாரித் தம்பர், மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் என்ற பெயர்களைச் சொன்னாலே எங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும். சுந்தர் 1996இல் காலமானார்.

லம்பூனுக்குப் பின்னால் ஹார்வர்ட் இருந்தது, நியூயோர்க் இருந்தது. சுந்தருக்குப் பின்னால் என்ன இருந்தது? ஒன்றரை மணி நேரப் படம் வேண்டாம். அந்த இதழைக் கையில் வைத்து வாசித்த ஆட்களின் குரலாவது எங்கேயாவது இருக்கவேண்டாமா?

ஜூன் 8, ஞாயிறு

உவர்மலைக்குப் பெரியப்பாவிடம் போனேன். திருகோணமலை டவுனில் ஒரு அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்துக் கோர்த்தவர். ‘நூலகம்’ இணையத்தளத்தில் சிரித்திரன் இதழ்களை ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். லப்டொப்பில் ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பகிடியை வாசிப்பார் என்று பார்த்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்தைப் பார்க்கிறார்.

“இந்த ‘லை’யைப் பார் மகன். தும்பிக்கை தேய்ஞ்சு போச்சு. பழைய எழுத்து. இதை வைச்சுத்தான் அடிச்சிருக்கினம்.”

பழைய அச்சில் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளையும். ஒவ்வொன்றும் தனி ஈய எழுத்து. திரும்பத் திரும்ப அடித்தால் அந்த வளைவுதான் முதலில் தேயுமாம்.

குரொஸ் சொன்ன முத்திரைக் கதையை அவருக்குச் சொன்னேன். “இதுக்கு அமெரிக்காவுக்குப் போகவேணுமே?” என்றார். கலியாண அழைப்பிதழுக்கு ஒரு எழுத்து, கோவில் திருவிழா நோட்டீசுக்கு ஒரு எழுத்து, மரண அறிவித்தலுக்குச் சுற்றிவரக் கறுப்பு போடர். “அந்த போடரைக் கண்டவுடன சனம் குரலைத் தாழ்த்திப்போடும். அதுக்குள்ள ஒரு மந்திரியின்ர பொய் வாக்குறுதியைப் போட்டு, இன்ன திகதி காலமானது எண்டு அடிச்சுப் பார். போடர் ஒரு நூல் பிசகினாலும் பகிடி செத்துப்போம்.”

பிறகு படம் அச்சடித்த கஷ்டத்தைச் சொன்னார். எழுத்தைக் கையால் கோர்த்துவிடலாம், கேலிச்சித்திரத்துக்கு உலோகத்தில் புளொக், அதாவது படத்தின் அச்சு, செய்யவேண்டும். அதற்குக் காசு வேண்டும், நாள் வேண்டும். ஒரு கோடு புளொக்கில் விழாமல் போனால் சித்திரத்தின் மூக்கே மாறிவிடும்.

இதையெல்லாம் நான் பதிவு செய்யவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ் நிலையத்தடியில் மான்கள் கடதாசி மென்றுகொண்டு நின்றன. அப்போதுதான் உறைத்தது, போன் முழு நேரமும் என் சட்டைப் பையிலேயே கிடந்தது.

ஜூன் 10, செவ்வாய், போசன் போயா

பௌர்ணமி விடுமுறை. திரும்பவும் உவர்மலை. இந்த முறை போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினேன். ஐந்து நிமிடம் வானொலி அறிவிப்பாளர் மாதிரி இலக்கணத் தமிழில் பேசினார். பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, “இதென்ன, ஆரோட கதைக்கிறியள்?” என்று கேட்டதும் அது உடைந்தது. பிறகு வந்ததெல்லாம் அவருடைய குரல்.

அச்சகத்தில் சிரித்திரன் ஒன்று வந்தால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். மையும் சோறும் ஒரே கையில் படக்கூடாது என்று, கை கழுவாத ஆளிடம்தான் வாசிக்கிற வேலை. அந்த ஆளுக்குச் சாப்பாடு கடைசியில். அந்தப் பிரதிகளில் ஒன்றுகூட இப்போது அவரிடம் இல்லை. “ஓடேக்க என்னத்தை எடுக்கிறது?” என்றார். எந்த வருடம் ஓடினது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

47 நிமிடம். காகச் சத்தமும் காற்றும் இருக்கிறது, ஆனால் பேச்சு தெளிவு.

ஜூன் 11, புதன்

காலையில் பெரியப்பாவே போன் எடுத்தார். அந்த நாள் வாசிப்புக்காரர் இன்னும் மட்டிக்களியில் இருக்கிறாராம். காது கொஞ்சம் மந்தம், குரல் நல்லாக இருக்கிறதாம். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேருமாகப் போகிறோம். போனில் இடம் போதாது. கலியாண வீட்டு வீடியோக்கள் சிலதை அழிக்கவேண்டும்.