எந்த நொடியில் திருட்டு முழுமையாகிறது?

பொருளோடு ஓடினால்தான் திருட்டு என்று பலரும் நம்புகிறார்கள். குற்றங்களுக்கான இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. நேர்மையற்ற எண்ணத்தோடு, அடுத்தவர் கைவசம் உள்ள அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பதற்காக நகர்த்தினாலே போதும். நிற்கும் மரம் அசையும் பொருள் இல்லை, வெட்டிவிட்டால் ஆகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிகார உதாரணம். பழுது பார்க்கக் கொடுத்த கடிகாரத்தைக் கூலி பாக்கிக்காகக் கடைக்காரர் பிடித்து வைத்திருக்கிறார். கூலியைக் கொடுக்காமல் ஏமாற்ற நினைத்து, சொந்தக்காரரே அதை நைசாக எடுத்து வந்தால் அதுவும் திருட்டு! 1860-ஆம் ஆண்டின் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த உதாரணம், 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள்!

சரி, அடித்தோ மிரட்டியோ எடுத்தால்? அது கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை, ஆயுள் தண்டனை வரை போகும்.

அதனால் புகார் எழுதும்போது, கத்தியைக் காட்டினார்கள், கையை முறுக்கினார்கள் என்பதையெல்லாம் விடாமல் எழுதுங்கள். எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) நகலை இலவசமாகக் கேட்டு வாங்கி, எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள்.