நர்ஸ் எழுதி வைத்த ஒரு வரி

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்தான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பிக் காய்ச்சலோடு கிடந்தார். ஆபரேஷன் செய்த டாக்டர், "வாயுதான், நடந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டாம் நாள் கண் மஞ்சளானதும் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பித்தநாளம் வெட்டுப்பட்டு, பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நாளத்தைக் குடலோடு இணைக்க இன்னொரு பெரிய ஆபரேஷன்.

கோபத்தில் போலீஸுக்குத்தான் போக நினைத்தேன். வக்கீல் வேண்டாம் என்றார். டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு என்றால் மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் கோர்ட்தான் வழி. காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ல் முடிவான விஷயம்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் தினமும் எழுதும் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டை முழுசாகக் கையில் வாங்கிவிடுங்கள், இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் கொடுத்தார்கள், அதில் எல்லாமே நன்றாக இருந்தது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையில் இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பிய பிறகுதான் முழு நகலும் வந்தது. அதில் நர்ஸ் நோட்ஸ் பக்கத்தில், இரண்டாம் நாள் ராத்திரி: டிரெயின் பையில் (வயிற்றிலிருந்து குழாய் வழியே வடியும் நீர் சேரும் பை) பச்சையாக வருகிறது, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. அந்தப் பையை நானே கையில் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், அது பித்தநீர் என்று தெரியாமல்.

வழக்குப் போட இரண்டு வருஷம்தான் அவகாசம். பில் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட முடிந்தது.

கஷ்டப்பட்டது நிபுணர் கருத்துக்குத்தான். நான்கு சர்ஜன்கள், கோப்பைப் பார்த்துவிட்டுத் தப்பு என்று வாயால் சொன்னவர்கள், கையெழுத்து என்றதும் பின்வாங்கினார்கள். ஐந்தாவதாக, ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். அவர்தான் எனக்குப் புரியவும் வைத்தார்: இந்த ஆபரேஷனில் நாளம் அடிபடுவது நல்ல சர்ஜன் கையிலும் நடக்கக்கூடியது, வெட்டியதை வைத்து மட்டும் ஜெயிக்க முடியாதம்மா, பச்சையாக வந்தும் ஆறு நாள் ஸ்கேன் எடுக்காமல் விட்டதைப் பிடியுங்கள் என்றார். அன்றைக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மனுவை அப்படித்தான் திருத்தி எழுதினோம்.

அப்புறம் வாய்தா, வாய்தா, இரண்டரை வருஷம். அம்மா கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் எல்லா ஆபத்தும் அச்சடித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரி தரப்பில் வாதாடினார்கள். தீர்ப்பில் நாளம் வெட்டுப்பட்டதை அலட்சியம் என்று ஏற்கவில்லை, தாமதத்தை ஏற்றார்கள். இரண்டாவது ஆபரேஷன் செலவும் அதற்கு மேல் ஒரு தொகையும் தரச் சொல்லி உத்தரவு. மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருக்கிறது, போடுவதானால் பாதித் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். கடைசி வாரத்தில் கட்டிவிட்டு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறார்கள்.

உத்தரவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, எழுதி வைத்த அந்த நர்ஸ் பெண்ணுக்கு இதனால் வேலை ஏதும் போய்விடாதே என்று கேட்டார்.