சிவப்புக் கோடு டி-யில், நான் அழித்ததோ சி-யில்

பொங்கல் விழாப் படங்களை நான் கைப்பட அழித்து இன்றோடு மூன்று கிழமை. நூற்றுப் பத்துப் படம். ரீசைக்கிள் பின்னையும் அப்போதே காலி செய்துவிட்டேன். இவ்வளவையும் அழித்ததில் ஒரு எம்பிக்குக் கூடப் பிரயோசனம் இல்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

போகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். லெப்டொப் விண்டோஸ் 7 காலத்தது, பிற்பாடு 10 ஏற்றியது. புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், தவணைப் பரீட்சைத் தாள், புள்ளிப் பட்டியல் எல்லாம் அதில்தான். ஒரு திங்கட்கிழமை காலை, வலது மூலையில் 'லோ டிஸ்க் ஸ்பேஸ்' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. மூடினேன். நாலைந்து நிமிடத்தில் மறுபடி வந்தது. அன்று பூராவும் அதுதான் கதை. ஒரு வினா எழுதினால் ஒரு தடவை, படம் ஒட்டினால் ஒரு தடவை.

லெப்டொப்பின் சேமிப்பிடம் சி (C), டி (D) என்று இரண்டு டிரைவாகப் பிரிந்திருக்கிறது. என் படம், தாள் எல்லாம் சி-யில். அந்தப் பெட்டியிலோ 'ரெகவரி டி' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. இடம் இல்லை என்று சொல்கிறது, அப்படியானால் எதையாவது அழிக்க வேண்டும், அவ்வளவுதான் மண்டையில் ஏறியது. பெரிய ஃபோல்டர் எது என்று தேடினேன். படங்கள். பொங்கல் படம், சுற்றுலாப் படம், அக்கா மகள் சடங்குப் படம், எல்லாமாக நாலு ஜீபி போனது. லெப்டொப்பை அணைத்துப் போட்டேன். ஐந்து நிமிடம் அமைதி. பிறகு அதே பெட்டி.

அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். 'வைரஸ்' என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் பயணம் போயா அன்று. பள்ளிக்கூடம் லீவு, நல்ல சந்தர்ப்பம் என்று காலையிலேயே லெப்டொப்பை இரண்டு ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நோர்வூட், டிக்கோயா தாண்டி ஹட்டன் போய் இறங்கினால் கடையில் பூட்டு. எனக்கு லீவு என்றால் கடைக்காரருக்கும் லீவு என்பது ஏறும்போது தோன்றவில்லை. தூறலில் நனைந்து, ஒரு பிளேன்டியும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாம் பயணம் சனிக்கிழமை. கடையில் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மை கம்பியூட்டரைத் திறந்தார், டி-க்குக் கீழே, இடம் நிறைந்தால் வருகிற சிவப்புக் கோட்டைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஹார்ட் டிஸ்க் அடிச்சிருச்சு டீச்சர். எஸ்எஸ்டி போடணும். விண்டோஸும் புதுசா அடிக்கணும்."

"எவ்வளவு தம்பி?"

"பதினெட்டாயிரத்து ஐநூறு. டேட்டாவுக்கு கேரண்டி இல்ல. இல்லாட்டி இந்த டி-யை டிலீட் பண்ணிட்டு சி-யோட சேர்த்துத் தாறேன், ரெண்டாயிரம்."

நான் அன்று காப்பாற்றப்பட்டதற்குப் புத்திசாலித்தனம் காரணமில்லை. சம்பளம் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. கையில் இரண்டாயிரமும் இல்லை. "யோசிச்சுட்டு வாறேன்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தம்பி ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். சிவப்பைப் பார்த்ததும் நான் செய்ததைத்தான் அவரும் செய்தார். எதில் சிவப்பு என்று பார்க்கவில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் கொழும்பில் ஐடி வேலையில் இருக்கிறான். லயத்து வீட்டில் சிக்னல் நிற்காது. கோயில் மேட்டுக்கு ஏறி, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனுக்குக் கோல் எடுத்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"டீச்சர், சிவப்பா இருக்கிறது சி-யா, டி-யா?"

"டி."

"அப்ப ஏன் டீச்சர் சி-யில அழிச்சீங்க?"

பதில் இல்லை.

அவன் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். லெப்டொப்பைச் செய்த கம்பெனி, அது புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அதன் பிரதியை ஒரு தனி அறையில் பூட்டி வைத்திருக்கும். அதுதான் ரெகவரி பார்டிஷன். நம்ம கோயிலில் காவடி, கரகச் சாமான் வைக்கிற அறை மாதிரி. திருவிழா வந்தால்தான் திறக்கும். அந்த அறை ஆரம்பத்திலேயே முக்கால்வாசிக்கு மேல் நிரம்பித்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. எனக்கு மொத்தம் 15 ஜீபி. கம்பெனி வைத்தது போக ஒன்றரை ஜீபி அளவுதான் மூச்சு விட இடம். அதில் யாராவது விறகு அடுக்கினால் உடனே அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளே எவ்வளவு துப்புரவு செய்தாலும் கோயில் அறையில் இடம் வராது. சி-யில் நாலு ஜீபி அழித்தது அந்தக் கதைதான்.

விறகு அடுக்கியது யார்? டி-யைத் திறந்தால் 'ஸ்போர்ட்ஸ் மீட்' என்று ஒரு ஃபோல்டர். 640 எம்பி வீடியோ. "டி சும்மாதானே கிடந்தது பெரியம்மா" என்றான் தங்கச்சி மகன். அழித்தேன். கோடு அசையவில்லை. திரும்பவும் கோயில் மேடு, திரும்பவும் கோல். இங்கே ஒரு விஷயம் எனக்குப் புதிது: ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனிக் குப்பைத்தொட்டி உண்டு. டி-யில் அழித்தது டி-யில் இருக்கும் மறைவான தொட்டிக்குள்தான் போய்க் கிடக்கும். மேசைத்திரையில் தெரிகிற ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பிறகுதான் இடம் உண்மையாகத் திரும்பும். காலி செய்தேன். சிவப்புக் கோடு கொஞ்சம் சுருங்கியது, பெட்டியும் வருவது நின்றது. அன்றிரவு நிம்மதியாக வினாத்தாள் முடித்தேன்.

அடுத்த திங்கள் காலை, அதே பெட்டி.

இந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இரண்டு முறையும் திங்கட்கிழமை என்பது மனதில் தட்டியது. அதைச் சொன்னதும் கொழும்புப் பையன் சிரித்தான். "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணி டீச்சர்." கொன்ட்ரோல் பெனலில் 'பெக்அப் அண்ட் ரீஸ்டோர்' என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் 7 என்று அடைப்புக்குள் போட்டிருக்கும். நாம் எதுவும் மாற்றாமல் சம்மதித்தால் ஒவ்வொரு ஞாயிறும் இரவு ஏழுக்கு பெக்அப் எடுப்பதுதான் அதன் வழமை. எங்கே எடுக்கிறது என்று பார்த்தேன். ரெகவரி டி. நான்தான். எப்போதோ ஒரு பெட்டி கேட்டது, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். டி-க்குள் லெப்டொப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் குந்திக்கொண்டிருந்தது. அதை அவ்வளவு நாளும் கம்பெனி வைத்தது என்று நினைத்துத் தொடவில்லை.

அதை எக்ஸ்ப்ளோரரில் பிடித்து அழிக்கப் போகாதீர்கள். அதே பெக்அப் பக்கத்தில் 'மெனேஜ் ஸ்பேஸ்' இருக்கிறது, அதற்குள் 'வியூ பெக்அப்ஸ்', அங்கிருந்து டிலீட். பிறகு இடது பக்கத்தில் ஷெடியூலை நிறுத்துவது. இதை விட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி ஏழு மணி அடிக்கும். சிஸ்டம் புரொடெக்ஷனில் (பழைய நிலைக்குத் திரும்புவதற்கு விண்டோஸ் பிரதி எடுத்து வைக்கிற வசதி) டி-க்கு ஒன் என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொன்னான். அதுவும் சத்தமில்லாமல் இடம் தின்னுமாம். எனக்கு ஓஃப்தான். முடிவில் டி-யில் 1.4 ஜீபி காலி.

டி-க்குள் ரெகவரி, பூட் என்ற மாதிரிப் பெயர்களில் கிடப்பவற்றைக் கனவிலும் தொடாதீர்கள். நம் கையால் போட்டது, பெக்அப் போட்டது, இரண்டு மட்டும்தான் நம்முடையது. டி-யையே அழித்துச் சி-யோடு சேர்ப்பது என்றால் அந்தப் பழைய பிரதி போய்விடும், திரும்பாது. என்னுடைய லெப்டொப்பில் அந்தப் பிரதி விண்டோஸ் 7-தான். அதனால் 10-க்கென்று தனியாக 32 ஜீபி பென் டிரைவில் ஒரு ரெகவரி டிரைவ் செய்து வைத்துவிட்டேன். அந்தப் பென்னில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். இந்த முறை அதை முதலிலேயே வாசித்தேன்.

இதற்கிடையில் எங்கள் பாடசாலை கணித மிஸ்ஸுக்கும் அதே பெட்டி. "உங்க வைத்தியத்தை எனக்கும் பாருங்க" என்று கொண்டுவந்தார். அது வேறு வியாதி. அவருடையதில் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, இதுவரை இல்லாத ஈ (E) என்று ஒரு டிரைவ் முளைத்திருந்தது. மொத்தமே 450 எம்பி, திறந்தால் உள்ளே எதுவும் தெரியவில்லை. இது விண்டோஸ் தன் பழுதுபார்க்கும் சாமானை வைத்துக்கொள்ளும் சின்னப் பார்டிஷன். சாதாரணமாக இதற்கு எழுத்தே இருக்காது, கண்ணிலும் படாது. 2018 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு உலகம் பூரா பலருக்கு இப்படி எழுத்து ஒட்டிக்கொண்டு எச்சரிக்கை வந்திருக்கிறது. இதில் அழிக்க ஒன்றுமில்லை. ஒட்டிக்கொண்ட எழுத்தைக் கழற்றினால் போதும். வாசல் பலகையைக் கழற்றுவதுதான், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

டிஸ்க் மெனேஜ்மென்டில் போய் வலது பட்டனை அமுக்கினால் 'ஹெல்ப்' தவிர எதுவும் வரவில்லை. ஆகவே கட்டளையை எழுத்தில் அடிக்கிற கொமாண்ட் புரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தோம். மவுண்ட், அதோடு ஒட்டியே வொல், ஓர் இடைவெளி, ஈ, இரட்டைப் புள்ளி, ஓர் இடைவெளி, ஸ்லேஷ், டி (mountvol E: /D). போனில் அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பிழை. திரும்ப அடித்தேன், பிழை. பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, நான் அடித்தது மற்றப் பக்கம் சாய்கிற ஸ்லேஷ். கேள்விக்குறி இருக்கிற விசையில் உள்ளதுதான் சரியானது. கடைசி டி என்பது டி டிரைவ் இல்லை, கழற்று என்பதற்கான குறி. இரண்டையும் குழப்பி, நல்ல டிரைவின் எழுத்தைக் கழற்றிவிடாதீர்கள். என்டர் அடித்ததும் எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. ஈ காணாமல் போயிருந்தது. கணித மிஸ் கை தட்டினார்.

ஒருவர் எங்களிடம், விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் எச்சரிக்கையே வராது என்றார். உண்மைதான், வராது. சி நிறைந்தாலும் வராது. வேண்டாம். இன்னொன்று: 2024 ஜனவரியில் வந்த ஓர் அப்டேட்டுக்கு அந்தச் சின்னப் பார்டிஷனில் 250 எம்பி காலி இடம் தேவைப்பட்டது, இல்லாதவர்களுக்கு அப்டேட் ஏறாமல் பிழை காட்டியது. அங்கே உண்மையிலேயே இடம் பெருப்பிக்க வேண்டும். எழுத்தைக் கழற்றுகிற வைத்தியம் அதற்குச் சரிவராது.

படங்களுக்கு வருகிறேன். பெற்றோரின் வாட்ஸப்பில் தேடி அறுபத்தொன்று கிடைத்தது, எல்லாம் சுருங்கி மங்கலாக. பானை பொங்கும்போது பிள்ளைகள் கத்துகிற அந்த ஒன்று யாரிடமும் இல்லை.

பென் டிரைவ் வாங்கப் போன அன்று ஹட்டன் கடைத் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பில்லின் பின்பக்கத்தில் முழுவதையும் எழுதிக்கொண்டார். போன கிழமை வேறொரு நம்பரிலிருந்து கோல். பின்னால் கடைச் சத்தம்.

"டீச்சர், ஒரு கஸ்டமர் நிக்கிறார். அந்த ஸ்லேஷ் எந்தப் பக்கம் சாயணும்?"