கடற்புல்லும் ஒன்பது அங்குல ஃபின்னும்

இராமநாதபுரம் கரையில் அலைச்சறுக்குப் பலகைக்கு ஃபின் (பலகையின் அடியில் நின்று நீரைப் பற்றி நேர்கோட்டில் பிடிக்கும், மீன் துடுப்பு போன்ற தகடு) தேர்ந்தெடுப்பவர், கடைக்காரரின் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பு கடற்புல்லைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே, இந்தப் பருவம் முழுவதும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு. அட்டவணைகள் ஆளின் எடையை வைத்து அளவு சொல்கின்றன. ஏறத்தாழ 65 முதல் 80 கிலோ வரை உள்ளவருக்கு நடுத்தர அளவு என்பது பரவலான கணக்கு. அது பிழையன்று, ஆனால் புல் மிதக்காத நீரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு.

என்னுடையது 9 அடிப் பலகை. அடிப்புறத்தில், வால் பக்கம், நடு ஃபின்னை முன்பின்னாக நகர்த்தி வைக்கக்கூடிய நீண்ட பெட்டியும், அதன் இருபுறமும் சிறு ஃபின்களுக்கான குழிகளும் உண்டு. பலகை எத்தனை அடியோ அத்தனை அங்குலம் ஃபின் என்பது ஒற்றை ஃபின்னுக்கான பழைய வழக்கம் என்பதால், 9 அங்குலத்தில் தொடங்கினேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், உள்ளூரார் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கத்து மணற்கரையில் அது நேராக ஓடியது. பலகையின் முன்பகுதிவரை நடந்து சென்றாலும் வால் வழுக்கவில்லை. ஆனால் நான் இறங்கிய இடங்களில் கிடைத்தவை பெரும்பாலும் நெருங்கி நெருங்கி வரும் சிறிய காற்றலைகள். அவற்றின் மேல் பலகையைத் திருப்புவதற்குப் பின்காலை வாலின் விளிம்புவரை நகர்த்தி அழுத்த வேண்டியிருந்தது. அதற்குள் அலை உடைந்து முடிந்துவிடும்.

புதிய ஃபின் வாங்குவதற்கு முன், இருப்பதையே பெட்டிக்குள் நகர்த்திப் பார்ப்பது நல்லது. திருகைத் தளர்த்தி ஓர் அங்குலம் முன்னே தள்ளியதும், அதே பலகை குறைந்த அழுத்தத்திலேயே திரும்பத் தொடங்கியது. பின்னே தள்ளினால் மீண்டும் நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டது. காசு செலவில்லாத இந்த மாற்றம், ஒரு ஃபின்னுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நான் உணர்ந்த வேறுபாட்டைவிடப் பெரியது.

சிக்கல் வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் போனபோதுதான் வந்தது. பெண் கடல் என்று சொல்லப்படும் அந்தப் பக்கம் நெடுந்தொலைவுக்கு ஆழமில்லை. அடியில் கடற்புல் படுகைகள் பரந்து கிடக்கின்றன. காற்று வலுத்தால் பிடுங்கப்பட்ட புல் நீரின் மேல் திரளாக மிதக்கும். செங்குத்தாக நிற்கும் ஃபின்னின் முன்விளிம்பில் முதல் இழை சிக்கியதும் அடுத்தடுத்த இழைகள் அதன்மேல் சுற்றிக்கொள்ள, பலகை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் நின்றுவிடுகிறது. இறங்கி, புல்லை உருவி எறிந்துவிட்டு ஏறினால், சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதை.

பாம்பன் பக்கம் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, ஃபின்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேரா நின்னா கட்டத்தான் செய்யும் தம்பி, பின்னால சாய்ச்சு விடுங்க, தானா வழுக்கிப் போயிரும்" என்றார். இதற்கென்றே விற்கப்படும் ஃபின்களின் தத்துவமும் அதுவேதான்: முன்விளிம்பு சுமார் 45 பாகையோ அதற்கும் மேலோ பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், சிக்கிய இழை நீரோட்டத்தால் நுனியை நோக்கித் தள்ளப்பட்டு நழுவிவிடும். கண்ணாடியிழைப் பாயையும் ரெசினையும் அடுக்கி அவர் வார்த்துக் கொடுத்த தகட்டை, அகன்ற அடியும் சாய்ந்த நுனியும் கொண்டதாக, 7 அங்குல ஆழத்துக்கு அறுத்து அரத்தால் ராவினேன். முன்விளிம்பை உருட்டாகவும் பின்விளிம்பை மெல்லியதாகவும் ஆக்கி, இருபக்க வளைவும் ஒன்றுபோல் இருக்கும்படி தேய்ப்பதுதான் இதில் பொறுமையைக் கேட்கும் வேலை; ஒரு பக்கம் தட்டையானால் நடு ஃபின் பலகையை ஒருபுறமாக இழுக்கும். ராவும்போது முகமூடி கட்டாயம் வேண்டும், கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

புல் இப்போது அரிதாகவே தங்குகிறது. ஆழம் குறைந்ததால் மணல் திட்டுகளிலும் தட்டுவதில்லை. பிடிப்புக் குறைந்ததை ஈடுகட்ட இருபுறமும் சிறு ஃபின்களைப் பொருத்திக்கொண்டேன். அவற்றின் உட்பக்கம் தட்டையாகவும் வெளிப்பக்கம் வளைந்தும் இருக்கும். சரிவில் பலகை சாயும்போது அந்தப் பக்கத்து ஃபின் நீரைப் பற்றிக்கொள்கிறது.

சம அளவில் மூன்று ஃபின்கள் கொண்ட அமைப்பையே பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சன் 1980-இல் வடிவமைத்த அது, செங்குத்தான, வலுவான அலைகளில் வேகத்தோடு திரும்புவதற்கு இன்றும் சிறந்ததுதான். நம் கரையின் சிற்றலைக்கு அது கூடுதல் இழுவை என்பது என் கருத்து. நண்பர் ஒருவரின் குட்டைப் பலகையில் ஏறிப் பார்த்தபோதும் அந்தக் கருத்து மாறவில்லை.

சிறு ஃபின்களின் திருகுக்கு 3/32 அங்குல ஆலன் சாவி (அறுகோண முனையுள்ள திருகுச் சாவி) தேவை. இங்கே வன்பொருள் கடைகளில் எளிதில் கிடைப்பவை மில்லிமீட்டர் கணக்குச் சாவிகள்: 2.5 உள்ளே நுழையாது, 2 சுழன்று துளையின் மூலைகளைத் தின்றுவிடும். ஆகவே பலகை வாங்கும்போதே சாவி இரண்டு கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்து வாடைக் காற்று தொடங்கியதும், இதே தகட்டில் 6 அங்குலத்துக்கு இன்னொன்று அறுத்து, பாக் நீரிணைப் பக்க அலையில் பெட்டியின் முன்கோடியில் வைத்துப் பார்க்க இருக்கிறேன்.