ரியோ தூர்பியோ நிலக்கரிப் பாதைக்கு இனி என்ன வேலை?

அர்ஜென்டினாவின் தென்கோடியில், சிலி எல்லையை ஒட்டிய ரியோ தூர்பியோ சுரங்கத்திலிருந்து பாட்டகோனியாவின் மரமற்ற வறண்ட புல்வெளியைக் கடந்து, அட்லாண்டிக் கரையில் உள்ள ரியோ காயேகோஸ் துறைமுகம் வரை ஏறத்தாழ 255 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை நீள்கிறது. அதன் அகலம் 750 மில்லிமீட்டர் மட்டுமே. 1951-இல் நிலக்கரிக்கென்றே போடப்பட்ட அந்தப் பாதையில் இன்று வண்டிகள் முன்போல் ஓடுவதில்லை.

நான் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனால் நீராவி எஞ்சின்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாள் முதல் அந்தப் பாதையும் லிவியோ தாந்தே போர்த்தா என்ற பொறியாளரின் பெயரும் என் மனத்தில் சேர்ந்தே இருக்கின்றன. 1957 முதல் சில ஆண்டுகள் அவர் அதன் பொறுப்பில் இருந்தார். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் கட்டிய எஞ்சின்கள் அப்போதுதான் வந்திருந்தன. அந்தச் சுரங்கத்து நிலக்கரியிலோ சாம்பல் அதிகம். கடும் வெப்பத்தில் அது உருகிக் கட்டிதட்டித் தணலை அடைத்துவிடும். போர்த்தா, எஞ்சின் அடுப்பில் நிலக்கரி எரியும் தட்டின் அடியிலிருந்து வரும் காற்றைக் குறைத்து, அதனுடன் நீராவியைக் கலந்து தணலைச் சற்றுத் தணித்தார்; நிலக்கரி முதலில் வாயுவாக மாறி, தணலுக்கு மேலே விடப்பட்ட காற்றில் எரியும்படி செய்தார். கட்டிதட்டுவது குறைந்தது, எஞ்சினின் திறன் கூடியது, ஒல்லியான அந்தத் தண்டவாளத்தில் 1,700 டன் எடையுள்ள வண்டிகள் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. 1960-களில் வந்த அடுத்த பத்து எஞ்சின்களில் இந்த மாற்றங்கள் கட்டும்போதே சேர்க்கப்பட்டன.

1990-களில் டீசல் எஞ்சின்கள் வந்தன. 1994-இல் தனியாரிடம் போன சுரங்கம் 2002-இல் அரசிடம் திரும்பியது. 2004-இல் சுரங்கத்துக்குள் நேர்ந்த தீ விபத்தில் 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஊரின் கதையில் ரயிலைவிட அந்த இழப்பே பெரிது.

பாதையின் எதிர்காலத்தை ஐயத்துக்குள்ளாக்கியது சுரங்கத்தின் வாயிலிலேயே எழுப்பப்பட்ட 240 மெகாவாட் அனல்மின் நிலையம். அது முழுமையாக இயங்கினால் நிலக்கரி அங்கேயே எரிந்துவிடும். துறைமுகத்துக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். இயங்காமல் போனாலோ, இருக்கும் ஒரே வழி கப்பல் ஏற்றுமதி; ஆனால் உலகச் சந்தையின் விலைக்கு ஈடுகொடுத்து அவ்வளவு தொலைவிலிருந்து விற்பது எளிதன்று. 2025-இல் அரசு, சுரங்கத்தை நடத்தும் தன் நிறுவனத்தைப் பங்கு நிறுவனமாக மாற்றியபோதும் இந்த முடிச்சு அவிழவில்லை.

255 கிலோமீட்டரையும் காப்பாற்றுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்தச் செலவைச் சுமக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே வேலையைப் பற்றிய அச்சத்தில் வாழ்பவர்கள். சுரங்கத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதியையும், அதில் ஓடக்கூடிய ஒரு மிட்சுபிஷி எஞ்சினையும் விட்டுவைத்தால் போதும். அருங்காட்சியகத்தில் குளிர்ந்து நிற்கும் எஞ்சின் போர்த்தா செய்ததைக் காட்டாது. அவர் மாற்றியமைத்தது எரிதலை. ரியோ தூர்பியோ நிலக்கரியை அந்த அடுப்பில் போட்டு எரித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.