ரத்தம் கேட்டு நின்ற இரவுகள்

பெங்களூரில் எலிகளின் மூளையை வைத்து பிஎச்.டி முடித்தேன். அப்புறம் வட சென்னையில் தலைக்காயம் பற்றிய ஓர் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டிக்குப் பிந்தைய ஆய்வாளர், வேலை கிடைத்தது. நான் வளர்ந்த தண்டையார்பேட்டைக்குப் பக்கம்தான். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

எலி ஆய்வில் அடி எப்போது விழும், எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை நாமே தீர்மானிப்போம். மயக்கத்தில் இருக்கும் எலியின் மூளைமேல் ஓர் உலோகத் தண்டு, குறித்த வேகத்தில், குறித்த மில்லிமீட்டருக்கு இறங்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் பைக்கோடு சறுக்கியவருக்கு அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. எப்போது விழுந்தார் என்பதே பல நேரம் யாருக்கும் தெரியாது. எங்களுக்கோ அந்த நேரம்தான் முக்கியம்.

மூளை இரண்டு முறை காயப்படுகிறது. விழுந்த நொடியில் கிழிந்தது கிழிந்ததுதான். அதைத் தடுக்க ஹெல்மெட் ஒன்றுதான் வழி. அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் வீக்கம், ரத்தக் கசிவு, மண்டைக்குள் ஏறும் அழுத்தம், ஆக்சிஜன் குறைவு என்று இரண்டாவது சேதம் நடக்கிறது. மருத்துவரால் மாற்ற முடிந்தது இந்த இரண்டாவதைத்தான். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ரத்தத்திலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. மூளையில் நட்சத்திர வடிவில் இருக்கும் துணைச் செல்கள் உடைந்தால் ஜிஎஃப்ஏபி என்ற புரதம் ரத்தத்துக்கு வரும். நரம்பு செல்களிலிருந்து யூசிஎச்-எல்1 என்ற புரதம் வரும். லேசான தலைக்காயத்தில் சிடி ஸ்கேன் தேவையா என்று பார்க்க, இந்த இரண்டையும் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு பெரிதாகப் பேசப்பட்ட எஸ்100பி என்ற புரதம், எலும்பு முறிந்தாலும் ஏறிவிடும். பைக்கில் விழுந்தவருக்குத் தலையோடு காலும் உடைந்திருக்கும் என்பதால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

ஆய்வக வேலை எனக்குப் புதிதல்ல. ரத்தம் உறைய அரை மணி நேரம் விட வேண்டும், சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் வெள்ளமாகி கரண்ட் போனபோது அந்த ஃப்ரீசரைத் திறக்காமல் காவல் காத்தோம். ஜெனரேட்டருக்கு டீசல் கேனைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார் எங்கள் லேப் அண்ணன். ஒரு குப்பிகூடக் கெடவில்லை.

என்னை உலுக்கியது, ஆய்வுக்கு ரத்தம் எடுக்கச் சம்மதம் வாங்கும் வேலை. அடிபட்டவர் நினைவில்லாமல் கிடப்பார். கண், பேச்சு, கை கால் அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோலில் 8-க்குக் கீழே இருப்பவரிடம் எதைக் கேட்பது? வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த படிவம் நாலு பக்கம். 'உயிர்க்குறியீடுகள்' என்று அதில் நான்தான் எழுதியிருந்தேன்.

முதல் வாரமே ஒரு ராத்திரி. காசிமேட்டிலிருந்து வந்த ஓர் அக்கா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எம்மா, இந்த ரத்தம் எடுத்தா அவரு பொழச்சுக்குவாரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் அந்த நொடியே கைநாட்டு கிடைத்திருக்கும். "இல்லக்கா. இன்னைக்கு அவருக்குக் குடுக்கிற வைத்தியம் இதனால மாறாது. நாளைக்கு வர்றவங்களுக்கு உதவலாம். நீங்க வேணாம்னு சொன்னாலும் டாக்டர் அதே மாதிரிதான் பாப்பாரு," என்றேன். அவர் அழுதார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எடுத்துக்கம்மா, கை வலிக்காம எடு," என்றார்.

மறுநாள் படிவத்தைத் திருத்த உட்கார்ந்தேன். வார்டில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஆயாம்மாவிடம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரியாத வரியை அடித்தேன். 'உயிர்க்குறியீடுகள்' என்பதை 'தலையில் அடிபட்டால் மூளையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்' என்று மாற்றினோம். நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. குழு மறுபடி பார்த்து ஒப்புதல் தர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் புதிதாக யாரிடமும் ரத்தம் எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது நல்லது என்று பல வருஷம் நம்பினார்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த கிராஷ் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்துதான். முறையாகக் கேட்டு, முறையாகச் சேர்த்த அத்தனை பேர் இல்லாவிட்டால் அது வெளியே தெரிந்திருக்காது.

ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவர் நிலையையும் கேட்டு 1 முதல் 8 வரை எண் போட வேண்டும். 1 என்றால் இறந்துவிட்டார், 8 என்றால் நன்றாகத் தேறிவிட்டார். போனில் கேட்டாலே போதும். அந்த அக்காவின் வீட்டுக்கு நேரில் போனேன். அவர் கணவர் பிழைத்திருந்தார். வாசலில் உட்கார்ந்து வலையின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தனியாகக் கடைக்குப் போய் வர முடிகிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. "போறாரும்மா. ஆனா கடையில என்ன வாங்க வந்தோம்னு மறந்துடுறாரு. மீதிக் காசும் எண்ணத் தெரியல. பையன் கூடப் போறான்," என்றார் அக்கா. படிவத்தின் கணக்குப்படி அது 4. எழுதிக்கொண்டேன். அக்கா டீ போட உள்ளே போனார். அவர் கணவர் தலை நிமிர்ந்து, நான் யார் பெண் என்று கேட்டார். சொன்னேன். டீ வருவதற்குள் இன்னொரு முறை கேட்டார், மறுபடியும் சொன்னேன்.